மதுரைக்கு ஏது கடல்?

மதுரைக்காரர் ஒருவரிடம் போய், "உங்கள் ஊர்க் கடல் இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். சித்திரை வெயில் தலைக்கு ஏறிவிட்டது போலும் என்று அனுதாபப்பட்டு, ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தாலும் கொடுப்பார். மதுரையில் வைகை உண்டு. அதில் தண்ணீர் உண்டா என்பது வேறு விஷயம். வண்டியூர்த் தெப்பக்குளம் உண்டு. வடக்கே அழகர் மலை உண்டு. தெற்கே திருப்பரங்குன்றம் உண்டு. கடல் மட்டும் கிடையாது. கிழக்கே சாலை வழியாக எந்தப் பக்கம் போனாலும், சுமார் நூறு கிலோமீட்டர் தாண்டினால்தான் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். நகரமோ கடல் மட்டத்துக்குச் சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

அப்படியானால் இன்னொரு கேள்வி. கடலே இல்லாத இந்த ஊர், கடலைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறது?

மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, புதுமண்டபத்தைத் தாண்டி ஒரு தெரு இருக்கிறது. எழுகடல் தெரு என்று பெயர். தடாதகைப் பிராட்டியாரின் தாயார் காஞ்சனமாலைக்குக் கடலாடும் ஆசை வந்ததாம். வயதான காலத்தில் அந்த அம்மையாரைக் கடற்கரைக்கு அலைய வைக்கலாமா? சொக்கநாதர், மாமியாருக்காக ஏழு கடல்களையும் மதுரைக்கே வரவழைத்துவிட்டார். மாப்பிள்ளை என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

இது விருந்தாளியாக வந்த கடல். பகையாளியாக வந்த கடலும் உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள 64 திருவிளையாடல்களில் ஒன்றுக்கு, 'கடல் சுவற வேல் விட்ட படலம்' என்றே பெயர். உக்கிரபாண்டியன் செய்த வேள்விகளைக் கண்டு இந்திரனுக்குப் பொறாமை. வருணனை ஏவினான். கடல் பொங்கி மதுரையை விழுங்க வந்தது. பாண்டியன் வேலை எடுத்து வீசினான். கடல் சுவறி, அவன் பாதத்தளவுக்கு வற்றிப் போயிற்று. அபிஷேக பாண்டியன் காலத்தில் வருணன் மறுபடி ஒருமுறை கடலை ஏவிப் பார்த்ததாகவும், இறைவனுடைய சடையிலிருந்து புறப்பட்ட மேகங்கள் அதைக் குடித்து வற்றச் செய்ததாகவும் இன்னொரு படலம் சொல்கிறது.

புராணத்தை விட்டு இலக்கிய உரைக்கு வந்தாலும் இதே பேச்சுத்தான். இறையனார் களவியல் உரை சொல்லும் கணக்கு நேயர்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். முதற் சங்கம் இருந்த தென்மதுரையைக் கடல் கொண்டது. இரண்டாம் சங்கம் இருந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டது. அப்புறந்தான் பாண்டியன் கடலை நம்பாமல் இந்த உள்நாட்டு மதுரைக்கு வந்து சேர்ந்தான் என்கிறது அந்த உரை. அதாவது, மதுரை மதுரையாக இருப்பதற்கே கடல்தான் காரணம் என்று ஆகிறது!

இந்தக் கணக்கையெல்லாம் அப்படியே சரித்திரம் என்று எடுத்துக்கொள்வதற்கில்லை. லெமூரியா என்ற பெயர் 1864-ஆம் ஆண்டில் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியல் அறிஞர் வைத்தது. மடகாஸ்கரில் உள்ள லெமூர் என்ற பிராணிக்கு உறவான பிராணிகள் இந்தியாவிலும் இருப்பது எப்படி என்று அவருக்கு ஒரு சந்தேகம். நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். கண்டங்களே நகர்கின்றன என்று பிற்காலத்தில் தெரிந்த பிறகு, மூழ்கிய கண்டத்துக்கு நிலநூலில் வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் கடல் ஏறியது பொய்யல்ல. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பூமியின் நீரில் ஒரு பகுதி பனிக்கட்டியாக உறைந்து கிடந்தபோது, கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்து இருந்தது. இராமேசுவரத்துக்கும் இலங்கைக்கும் நடுவே அப்போது தரைதான். பிறகு பனி உருகிற்று; கடல் ஏறிற்று; ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இன்றைய மட்டத்துக்கு வந்து நின்றது.

நான் சொல்ல வந்தது அந்தப் பழங்கதையை அல்ல. கல்வெட்டும் அயல்நாட்டார் குறிப்பும் உள்ள காலத்தில், மதுரையில் இருந்து ஆண்ட ஒரே ஒரு மன்னனை எடுத்துக்கொள்வோம். அவனுடைய இரண்டு கடற்கரைகள் என்ன ஆயின என்று பார்ப்போம்.

அந்த மன்னன் முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன். 1268-ஆம் ஆண்டில் பட்டத்துக்கு வந்தவன்; நாற்பது ஆண்டுகள் ஆண்டவன். சோழப் பேரரசு அவன் காலத்தில்தான் அஸ்தமித்தது. தெற்கே தாமிரபரணி முகத்துவாரமும் வடக்கே காவிரிப் பூம்பட்டினத்துக் கடற்கரையும் ஒருசேர மதுரைக்கு அடங்கி இருந்தன. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ தமிழகக் கரையில் இறங்கியது இவன் ஆட்சியில்தான்.

மார்க்கோ போலோ வர்ணிக்கும் துறைமுகம் காயல். ஹோர்முஸ், கிஷ், ஏடன், அரேபியா என்று மேற்குத் திசையிலிருந்து வரும் கப்பல்களெல்லாம் அங்கே தங்கும். குதிரைகளும் பிற சரக்குகளும் இறங்கும் என்று எழுதினார். பாண்டிய நாட்டுத் துறைமுகங்களில் ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் இறங்கியதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதி வைத்திருக்கிறார். நம்மவர்கள் அந்தக் குதிரைகளுக்குச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்துப் போட்டார்கள் என்றும் மார்க்கோ போலோ சொல்கிறார். பாவம், அரேபியாவில் புல் தின்ற குதிரை! அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப் போனதில் ஆச்சரியம் என்ன? மறுவருஷம் மறுபடியும் கப்பல் வரும். மறுபடியும் மதுரைக் கஜானாவிலிருந்து பொன் போகும்.

இத்தனை செல்வம் கொழித்த துறைமுகம் எங்கே என்று தேடிக்கொண்டு நான் ஒரு தை மாதத்தில் போனேன். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் இருக்கிறது பழையகாயல். ஊர் இருக்கிறது, துறைமுகம் இல்லை. கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. நடுவில் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறித்தன.

காயலுக்கு முன்னால் இருந்த துறைமுகம் இன்னும் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. கொற்கை என்றால் தெரியாதவர் உண்டா? பாண்டியர் முத்துக் குளித்த துறை. பாண்டியன் நெடுஞ்செழியன் மதுரை அரியணையில் உயிர் நீத்தபோது, இளவரசன் வெற்றிவேற் செழியன் இருந்தது கொற்கையில். கிரேக்கர்கள் 'கொல்கொய்' என்று எழுதி வைத்தார்கள். நான் பார்த்த கொற்கையில் வாழைத் தோட்டம் இருந்தது. நெல் வயல் இருந்தது. வயல் நடுவே அக்கசாலை விநாயகர் கோயில் இருந்தது. ஈராயிரம் வயது என்று ஊரார் சொல்லும் ஒரு வன்னி மரம், முதுமையில் சாய்ந்தபடி இலை துளிர்த்துக்கொண்டிருந்தது. கடல் மட்டும் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது.

வரப்பில் மண்வெட்டியோடு நின்ற பெரியவரிடம், "கடல் இங்கேதான் இருந்தது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டேன்.

"இருந்திருக்கும்லா அய்யா! கெணறு தோண்டுனா சிப்பியும் சங்குமா வருது. கடல் இல்லாம சிப்பி எங்கிட்டுருந்து வரும்?" என்றார் அவர். பிறகு சிரித்துக்கொண்டே, "இப்ப நாங்க கடலப் பாக்கணும்னா திருச்செந்தூருக்குல்லா பஸ் ஏறணும்!" என்றார்.

1870-களில் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்த பிஷப் கால்டுவெல் ஏறக்குறைய இதையேதான் எழுதினார். மண்ணுக்கடியில் கடற்சிப்பிகள், காயலில் சீனப் பீங்கான் துண்டுகள். 1968-69-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை கொற்கையில் அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று சோதனைச்சாலை சொல்லிற்று. அத்தனை பழைய ஊரைக் காலி செய்தது யார்? படையெடுத்து வந்த பகைவனா? இல்லை. தாமிரபரணி.

பொதிகையிலிருந்து ஓடி வரும் அந்த ஆறு, வருஷந்தோறும் மணலையும் வண்டலையும் கொண்டுவந்து முகத்துவாரத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. கரை கிழக்கே நகர்ந்தது. கொற்கைக்குக் கப்பல் வர முடியாமல் போயிற்று. வணிகர்கள் காயலுக்குப் போனார்கள். காயலையும் மணல் மூடிற்று, புன்னைக்காயலுக்குப் போனார்கள். போர்ச்சுகீசியர் வந்து அங்கே இருந்தார்கள். கடைசியில் எல்லாருமாகத் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் ஊராக மூட்டை கட்டிக்கொண்டு, ஓடும் கடலைத் துரத்திய கதை இது. கடல் ஏறி வருமே என்று பாண்டியன் வேலும் கையுமாகக் காத்திருந்தான். அதுவோ சத்தமில்லாமல் புறமுதுகு காட்டி அவனை ஏழையாக்கிவிட்டது.

இது குலசேகரனுடைய தெற்குக் கரை. அவனுடைய வடக்குக் கரைக்கு வாருங்கள்.

தரங்கம்பாடி என்றவுடன் டேனிஷ்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று அவர்கள் கட்டிய கோட்டையும், 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் எழுத்தை அச்சில் ஏற்றியதும் பிரசித்தமான விஷயங்கள். டேனிஷ்காரர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே, 1306-ஆம் ஆண்டில், அந்தக் கடற்கரையில் ஒரு சிவன் கோயில் எழும்பிற்று. மாசிலாமணிநாதர் கோயில் என்று பெயர். எழுப்பியவன் மதுரையிலிருந்து ஆண்ட நம்முடைய குலசேகர பாண்டியனேதான். அங்குள்ள கல்வெட்டு, சடங்கன்பாடி என்ற அந்த ஊருக்குக் குலசேகரன்பட்டினம் என்றும் பெயர் சொல்கிறது. தன் பெயரிலேயே ஒரு துறைமுகம் இருக்கட்டும் என்று அவன் ஆசைப்பட்டிருக்க வேண்டும்.

கோயிலைக் கட்டியபோது அலைகளுக்குப் பக்கத்திலே யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். முன்னால் மண்டபம், மதில், அப்புறம் மணல்வெளி, அதற்கப்பால் கடல் என்றுதான் இருந்திருக்கும். ஆனால் இங்கே கடல் பின்வாங்கவில்லை, முன்னேறிற்று. மணலைத் தின்றது, மதிலைத் தின்றது, கோயிலின் முன்பகுதியைத் தின்றது. எஞ்சிய பகுதி, இடிந்த நிலையில் அலைகளின் விளிம்பில் நின்றது. எதிரே பெரிய பெரிய கருங்கற்களை அணையாகக் கொட்டித்தான் அதைக் காக்க வேண்டியதாயிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்து நாகை மாவட்டக் கரை முழுவதையும் சுடுகாடாக்கியபோதும், அந்தப் பழங்கோயில் விழாமல் நின்றது. பின்னர் திருப்பணி நடந்து, இப்போது வர்ணம் பூசிப் பளபளவென்று காட்சி தருகிறது.

நான் போனபோது அந்தக் கருங்கல் குவியலின் மீது ஒரு மீனவ முதியவர் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"கல்லு போட்ட பிறகு கோயிலுக்குப் பயம் இல்லை அல்லவா?"

"கோயிலுக்குப் பயம் இல்லீங்க" என்றார். பிறகு வடக்குப் பக்கம் கையைக் காட்டி, "கடலுக்குப் பசி போயிடுமா? இங்க தின்ன விடலேன்னா, தள்ளிப் போயி அங்க தின்னும். அங்க இருக்கிறவங்களும் நம்ம சனந்தானே?" என்றார்.

கடலைப் படித்த இஞ்சினீயர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பது போல நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது ஓர் ஆறு. அலைகள் கரையில் நேராக வந்து மோதுவதில்லை. சாய்வாக வந்து மோதுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் மணல் ஓரடி, இரண்டடி பக்கவாட்டில் நகர்கிறது. நம்முடைய சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகும்; வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே திரும்பும். ஆண்டு முழுவதும் வரவு செலவு பார்த்தால், வடக்கே போவதுதான் அதிகம். தெற்கிலிருந்து வருகிற மணலும் வடக்கே போகிற மணலும் சரியாக இருக்கிறவரை கரை நகராது. வரவு மிஞ்சினால் கொற்கை; செலவு மிஞ்சினால் தரங்கம்பாடி.

இந்த மணல் ஆற்றின் குறுக்கே ஒரு சுவரை வைத்தால் என்ன ஆகும்? சென்னையில் பார்க்கலாம். 1875-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டி, கடலுக்குள் கைகளை நீட்டினாற்போல இரண்டு சுவர்களைக் கட்டித் துறைமுகம் அமைத்தார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் தடுக்கி நின்றது. மெரீனா அகன்றது. இன்று சுண்டல் விற்கிறவரும் காற்று வாங்குகிறவரும் மணலில் வெகுதூரம் நடந்துதான் அலையைத் தொட வேண்டும். அந்த மணல் எந்த ஊருக்குப் போக வேண்டியது? வடக்கே இராயபுரத்துக்கும் அதற்கு அப்பாலுள்ள குப்பங்களுக்கும். அங்கே கடல் வீடுகளைத் தின்றது, சாலையைத் தின்றது, கல்லைக் கொட்டிக் கொட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரே சுவர்தான்: தெற்கே உல்லாசம், வடக்கே சர்வநாசம்.

புதுச்சேரியிலும் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழும்பின. ஊர் முகப்பில் இருந்த அழகான மணற்பரப்பு சில ஆண்டுகளில் கரைந்தே போயிற்று. கருங்கல்லைக் கொட்டி நகரத்தைக் காத்தார்கள். அரிப்பு வடக்கே இருந்த மீனவ கிராமங்களுக்கு நகர்ந்தது. 2018-இல் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி கடலுக்கடியில் ஓர் இரும்புத் திட்டைப் பதித்து, மணலையும் கொட்டிய பிறகுதான், கரையில் ஒரு பகுதியாவது திரும்பி வந்தது.

கரையோர ஊர்களில் இப்போது 'தூண்டில் வளைவு' என்ற சொல்லைக் கேட்கலாம். தூண்டில் முள்ளைப் போல வளைத்துக் கடலுக்குள் நீட்டும் கல் சுவர் அது. எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு வேண்டும் என்று மீனவர்கள் மறியல் செய்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? தெற்கே இருக்கிற ஊர் கட்டிக்கொண்டதால் இந்த ஊரில் அரிப்பு. இந்த ஊர் கட்டிக்கொண்டால் வடக்கே இருக்கிற ஊரில் அரிப்பு. ஒவ்வோர் ஊரும் ஓர் உக்கிரபாண்டியனாகி வேலை வீசுகிறது. புராணத்துக் கடல் வேலுக்குப் பயந்து சுவறிப் போயிற்று. நிஜக் கடல் சுவறுவதில்லை; அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

அப்படியானால் வேலுக்கு முன்னால் தேவைப்படுவது எது? அளவுகோல். எந்தக் கரை எவ்வளவு நகர்கிறது, எந்த வருஷத்திலிருந்து நகர்கிறது, மணல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அளந்து வைத்தால்தான், எங்கே சுவர் வேண்டும், எங்கே சுவர் கூடாது என்று சொல்ல முடியும்.

இதில் ஹாலந்துக்காரர்கள் நமக்கெல்லாம் குரு. 1953-ஆம் ஆண்டில் ஒரே இரவில் வந்த கடல் வெள்ளத்துக்கு 1,836 பேரைப் பறிகொடுத்த தேசம் அது. பெரிய அணைகளைக் கட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. 1965 முதல் ஆண்டுதோறும் தங்கள் கரையைக் குறித்த இடங்களில் அளந்து வருகிறார்கள். 1990-இல் கரை எங்கே இருந்ததோ அங்கேயே அதை வைத்திருப்பது என்று அரசாங்கமே தீர்மானித்தது. கரை தேய்ந்த இடத்தில், ஆழ்கடலிலிருந்து மணலை அள்ளி வந்து கொட்டுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் கன மீட்டர். கடலோடு சண்டை போடுவதைவிட அதற்கு உணவு கொடுப்பது மேல் என்று கண்டுகொண்டார்கள்.

நம் நாட்டிலும் அளவு வேலை நடக்காமல் இல்லை. சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், 1990 முதல் 2016 வரை எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு ஆளாகி வருவதாக 2018-இல் அறிக்கை கொடுத்தது. தமிழ்நாட்டின் கரையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அரிக்கப்படுகிறது. மணல் சேர்ந்து வளரும் கரையும் உண்டு. இதற்கு மேல், பூமி சூடேறுவதால் உலகக் கடல்களின் மட்டமே உயர்ந்து வருகிறது. 1993 முதல் செயற்கைக்கோள்கள் காட்டும் கணக்கு, ஆண்டுக்குச் சராசரியாக 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மூன்று மில்லிமீட்டர் என்பது ஒரு பச்சரிசியின் நீளங்கூட இல்லை என்று சிரிக்க வேண்டாம். தாமிரபரணியும் கொற்கையை ஒரே நாளில் மூடிவிடவில்லை.

"சரி ஐயா, இதெல்லாம் கரையில் இருப்பவர்கள் பாடு, மதுரையில் இருக்கிற எங்களுக்கு என்ன?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். இரண்டு பதில் சொல்கிறேன்.

ரயில் நிலையப் பெயர்ப் பலகையின் ஓரத்தில் சிறிய எழுத்தில், கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கடலின் மட்டம் அது? 1909-இல் நில அளவைத் துறையார் இந்தியாவின் உயரங்களுக்கெல்லாம் அடிப்படையாக ஒன்பது துறைமுகங்களின் அலைமானிக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. ஆகவே மதுரையில் நாம் நிற்கும் உயரமே, தரங்கம்பாடிக்குத் தெற்கேயுள்ள நாகைக் கடலும் சேர்ந்து சொன்ன கணக்கு. கடல் இல்லாத ஊர் என்று எதையும் சொல்வதற்கில்லை.

இரண்டாவது பதில் மணல். கரைக்கு மணல் கொடுத்து வந்தவை ஆறுகள். தாமிரபரணி தாராளமாகக் கொடுத்து ஒரு துறைமுகத்தையே மூடிற்று. வைகை அவ்வளவு தாராளக்காரி அல்ல. கண்மாய் கண்மாயாகத் தண்ணீர் கொடுத்துவிட்டு, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடும். மிஞ்சிய வெள்ளந்தான் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலைப் பார்க்கும். ஆயினும் ஒரு காலத்தில் அந்த முகத்துவாரத்தில் அழகன்குளம் என்ற துறைமுகம் இருந்தது. அகழ்ந்த இடத்தில் ரோமாபுரிக் காசுகளும், கப்பல் வரைந்த பானை ஓடும் கிடைத்தன. மதுரைக்கும் கடலுக்கும் இடையே அந்த ஆறுதான் ராஜபாட்டை.

1934-இல் காவிரிக்கு மேட்டூர் அணை வந்தது. 1959-இல் வைகைக்கு அணை வந்தது. அணைகள் சோறு போட்டன, நான் மறுக்கவில்லை. ஆனால் கடலுக்குப் போக வேண்டிய வண்டல் அணைகளுக்குள் படிந்துவிட்டது. வைகை அணையின் கொள்ளளவு அதனாலேயே குறைந்து போயிற்று. அணையைத் தாண்டிய பகுதியில் மிஞ்சிய மணலை லாரிகள் அள்ளின. என் வீட்டுச் சுவரிலும் அந்த மணல் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. கடலின் தட்டிலிருந்து எடுத்ததைத்தான் நாம் சிமெண்டோடு குழைத்துப் பூசிக்கொண்டிருக்கிறோம்.

குலசேகர பாண்டியனின் முடிவு நல்ல முடிவல்ல. 1310 வாக்கில் மகன் சுந்தர பாண்டியனே அவனைக் கொன்றதாகச் சரித்திரம் சொல்கிறது. மறு வருஷமே மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது. குதிரைகளுக்காகக் கடலில் கொட்டிய பொன் எதுவும் அந்த வேளையில் கைகொடுக்கவில்லை. அந்தப் படையெடுப்புகளைப் பற்றி நாம் நாவல் எழுதுகிறோம், நாடகம் போடுகிறோம். காயலை மணல் மூடியதையும், மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் கடித்ததையும் வைத்து யாரும் நாடகம் போடுவதில்லை. அவற்றில் கத்தி இல்லை, குதிரை இல்லை, வில்லன் கூட இல்லை. வருஷத்துக்கு இவ்வளவு என்று ஓசையில்லாமல் நடந்த காரியங்கள் அவை.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது, லட்சக்கணக்கான ஜனங்கள் வைகைக்குள் நிற்கிறார்கள். அடுத்த முறை நீங்களும் நிற்கும்போது, காலடியில் மணல் இருக்கிறதா, வெறும் களியும் கருவேலமும் இருக்கின்றனவா என்று ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். கிழக்கே, உப்புக் காற்று வீசும் ஏதோ ஒரு குப்பத்தில், கடைசித் தெருவுக்கும் அலைக்கும் நடுவே எத்தனை அடி மிச்சம் என்று ஒருவன் காலால் அளந்துகொண்டிருப்பான். நீங்கள் குனிந்து பார்ப்பதும் அவன் அளப்பதும் ஒரே கணக்குத்தான்.